வழிமொழிந்தவள்

அம்சத்தின் நாக்கில் ஏறாத பேர்கள் இரண்டு. ஒன்று புருஷன் பேர். அது எல்லாப் பெண்டாட்டிகளுக்கும் உள்ளதுதான். ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்கிற கண்ணாத்தாளைச் சொல்லச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். இன்னொன்று பண்ணையின் பேர். இலுப்பைக்கோட்டகத்துத் தெற்குத் தெருவில் அந்தப் பேரை வாய்விட்டுச் சொன்னவர்கள் கிடையாது. 'பண்ணை' என்றால் போதும். 'அவுங்க' என்றாலும் போதும். பேச்சுக்கு நடுவில் மேலத்தெருப் பக்கம் சும்மா மோவாயைக் காட்டினால்கூட விளங்கிவிடும்.

தவறிச் சொன்னவன் ஒரே ஒருத்தன், அதுவும் அம்சத்தின் புருஷன் தங்கையன்தான். கூலிச் சண்டை நடந்த வருஷம் அது. களத்துமேட்டில் நின்று, கூலி நெல் அளக்கிற மரக்காலைச் சுட்டிக்காட்டி, "இது எந்த ஊரு அளவு, பஞ்சநதம்?" என்று கேட்டுவிட்டான். கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை, தடியோடு ஆள்தான் வந்தது. அன்றைக்குப் போன இடது முழங்கால் இன்னும் மடங்க மாட்டேன் என்கிறது. அந்தச் சம்பா அறுப்பு முழுக்க அந்த வீட்டில் ஒருத்தருக்கும் வேலை இல்லை. தெருவே வாயை மூடிக்கொண்டது.

இது இப்படி இருக்க, மாசி மாதம் ஒரு சாயங்காலம் வைக்கோல் கட்டோடு வீட்டுக்கு வந்த அம்சம், உள்ளேயிருந்து தன் மகளின் குரல் கணீரென்று "பஞ்சநதம்" என்று சொல்வதைக் கேட்டாள். கட்டு தலையிலிருந்து தானாக விழுந்தது.

உள்ளே செவ்வந்தி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். எட்டாம் வகுப்புப் படிக்கிற பெண். எதிரே ஒரு மண்சட்டி, அதன் வாயில் கிழிந்த பலூன் தோலை இழுத்துக் கட்டி, மேலே ஒரு சிட்டிகை அரிசி தூவியிருந்தாள். குனிந்து மறுபடியும், "பஞ்சநதம்" என்றாள். அரிசி துள்ளியது.

அம்சம் பாய்ந்து போய் அவள் வாயைப் பொத்தினாள். "என்னடி பண்ற? யாரு பேர எங்க வச்சு சொல்ற? செவுத்துக்கும் காது இருக்குதுடி, படுபாவி."

பொத்திய கையை விலக்கிக்கொண்டு செவ்வந்தி நிதானமாகச் சொன்னாள்: "சயன்ஸ் பாடம்மா. சத்தம்னா அதிர்வு. நாம பேசுனா தோலு அதிருது, அரிசி ஆடுது. எந்தப் பேரச் சொன்னாலும் ஆடுது. அவுங்க பேருக்கு எம்புட்டு ஆடுதோ, உம்பேருக்கும் அம்புட்டுதான் ஆடுது. வேணும்னா பாரு." உடனே சட்டியின் மேல் குனிந்து "அம்சம்" என்றாள். அரிசி துள்ளத்தான் செய்தது.

அம்சத்துக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கோபம் முந்திக்கொண்டது. "பாடம்னா உங்க அப்பன் பேரச் சொல்லிப் பாரு. ஊருல வேற பேரா இல்ல?"

"விழாவுல அவுங்க பேரத்தானே நான் மைக்குல சொல்லணும். அதான் பழகுறேன்."

விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவை இந்த வருஷம் பிள்ளைகளே நடத்துகிறார்கள். ஆட்டம், பாட்டு, நாடகம், யார் யாருக்கு என்ன வருமோ அது. மேடை கட்டுவது முதல் திரை தைப்பது வரை எல்லாம் அவர்கள் கையால். மைக்கில் அறிவிக்கிற வேலை செவ்வந்திக்கு. தலைமை தாங்குகிறவர் பஞ்சாயத்துத் தலைவர், அதாவது பண்ணை. அவர் பேரைச் சொல்லி, அவரைத் தலைமை தாங்கும்படி செவ்வந்தி முன்மொழிய வேண்டும்.

அம்சத்துக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கட்டுக் கட்டுகிற கயிற்றையும் மகள் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போய் முழத்துக்கு முழம் முடிச்சுப் போட்டுக் கெடுத்து வைத்திருந்தாள். மேடை அளந்தார்களாம். கேட்டால் அது கணக்குப் பாடமாம். வரட்டும், அந்த டீச்சரை நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று அம்சம் முடிவு கட்டிக்கொண்டாள்.

ஹமீதா பானு டீச்சர் நாகப்பட்டினத்துப் பக்கத்துக்காரர். தினமும் முதல் பஸ்ஸில் வந்து, ஆற்றுப் பாலத்தில் இறங்கி, வாய்க்கால் கரையோடு நடந்து வருவார். மறுநாள் அம்சம் போனபோது அவர் புங்கமரத்தடியில் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து உரச்சாக்குகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். அம்சம் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"கூத்து கட்டக் கத்துக்குடுக்கவா டீச்சரம்மா எம்மவள அனுப்புனேன்? அதுக்கு வேசக்காரங்க வீட்டுலயே விட்டிருப்பனே."

"வாங்கம்மா, உக்காருங்க," என்றார் டீச்சர். "ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. தை மாசம் பூரா உங்க மக எங்க இருந்தா?"

அறுப்பு வயலில் கதிர் பொறுக்க அவளை அனுப்பியதே அம்சம்தான்.

"அவ மட்டுமில்ல, பாதி வகுப்பு அறுப்புல இருந்துச்சு. திரும்பி வந்தா நாலு பாடமும் பாக்கி. நாலையும் தனித்தனியா நடத்தினா பரீட்சை வந்துரும். அதான் நாலையும் ஒரே வண்டியில ஏத்திட்டேன். விழா நடத்துறது பிள்ளைங்க. அதுக்குள்ளயே பாடம் வந்துரும். வாங்க, காட்டுறேன்."

காட்டினார். சாக்குகளை ஒட்டுப்போட்டு மேடைத் திரை தைத்துக்கொண்டிருந்தார்கள். எத்தனை சாக்கு வேண்டும் என்பது பரப்பளவுக் கணக்கு. திரை முழுக்கச் சுண்ணாம்பும் கரியும் நீலமும் கொண்டு காவேரி எழுதியிருந்தார்கள், இடது ஓரத்தில் குடகு மலையும் வலது ஓரத்தில் கடலுமாக. ஒரு முழத்துக்கு இத்தனை மைல் என்று அளவு வைத்து எழுதியது, அது பூகோளம். திரை நடுவில் பிரிகிற இடம் சரியாக மேட்டூர் அணையில் வந்து நின்றது. ஓட்டுக் கூரையில் ஏறிய இரண்டு பையன்கள் முகம் பார்க்கிற கண்ணாடியால் சாய்வெயிலை வாங்கி மேடையில் விழச் செய்துகொண்டிருந்தார்கள். வெளிச்சம் விழுகிற கோணமும் திரும்புகிற கோணமும் சமம் என்று ஒருத்தன் கூரையிலிருந்தே கத்திச் சொன்னான். யார் பேச எழுந்தாலும் அவர்கள் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும் என்பது கண்ணாடிக்காரர்களுக்குக் கொடுத்த உத்தரவு.

அம்சம் திரையை உற்றுப் பார்த்தாள். "நம்ம ஊரு எங்கடா இதுல?"

சாக்குத் தைத்துக்கொண்டிருந்த பையன் ஒரு புள்ளியைத் தொட்டான். "இந்த அளவுக்கு நம்ம ஊரு கண்ணுக்கே தெரியக்கூடாது. தப்புதான். ஆனா வச்சுட்டோம்."

"இருக்கட்டும், இருக்கட்டும்," என்றாள் அம்சம். கோபம் பாதி இறங்கிவிட்டது. ஆனால் வந்த காரியம் அதல்ல. "எல்லாம் சரி டீச்சரம்மா. எம்மவளுக்கு வேற வேல குடுங்க. மைக்கு வேணாம்."

"நான் குடுக்கலையேம்மா. குடிமையியல் பாடத்துல தேர்தல் நடத்தினோம். பானையில புளியங்கொட்டை போட்டு ஓட்டுப் போட்டாங்க. அவளுக்குத்தான் அதிகம். வேணாம்னா நீங்களே பிள்ளைங்ககிட்ட சொல்லுங்க."

பிள்ளைகள் எல்லாரும் கைவேலையை நிறுத்திவிட்டு அம்சத்தையே பார்த்தார்கள். அவர்களுக்குள் மேலத்தெரு துரைராசு எழுந்தான். பண்ணையின் கணக்கப்பிள்ளை மகன். "அவ மட்டும் சொல்லலீங்க. அவ முன்மொழிவா, நான் வழிமொழிவேன். ரெண்டு பேரும் சொன்னாத்தான் தலைவர். ஒருத்தர் சொன்னா செல்லாது. அதான் சட்டம்."

இது அம்சத்துக்கும் தெரியாததல்ல. ஆட்சி மாறியதிலிருந்து ஊரில் பொதுக்கூட்டத்துக்கா பஞ்சம்? ஒருத்தர் எழுந்து இன்னார் தலைமை தாங்க வேண்டும் என்று முன்மொழிவார், இன்னொருத்தர் எழுந்து அதை வழிமொழிகிறேன் என்பார். பிறகுதான் நாற்காலியில் ஆள் உட்காரும். பால்குடிப் பிள்ளைக்கும் அந்த முறை தெரியும். ஆனால் இத்தனை கூட்டத்திலும் தெற்குத் தெருவிலிருந்து ஒருத்தர் எழுந்து பண்ணையின் பேரைச் சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

திரும்பும்போது வாசலில் தலைமையாசிரியர் சாரங்கபாணி மடக்கினார். நல்ல மனுஷன்தான், பயம் மட்டும் கொஞ்சம் கூடுதல். மேலத்தெருவில் கார் ஹாரன் கேட்டால் வேட்டியைச் சரிசெய்துகொள்கிற ரகம். "அம்சம், நான் சொன்னேன்னு வெளியில சொல்லாத. விழா அன்னிக்குப் பொண்ணுக்குக் காய்ச்சல்னு சொல்லி வீட்டுல வச்சுக்க. எனக்கும் ரெண்டு பொண்ணு கல்யாணத்துக்கு இருக்கு. மாத்தல் போட்டு எங்கியாவது மலங்காட்டுக்கு அனுப்பிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

நல்ல யோசனையாகத்தான் பட்டது. அன்றைக்கு உலை வைத்துக்கொண்டே அம்சம் புருஷனிடம் சொன்னாள்: "இந்தாங்க, காய்ச்சல்னு சொல்லிருவோம். ஊரு வாய மூட உலமூடி இல்ல. அது பேசிட்டு அடங்கிரும். இவ சொல்லித்தான் அவுங்க நாக்காலியில உக்காரணும்னு எழுதியா வச்சிருக்கு?"

தங்கையன் முழங்காலில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். அதிகம் பேசாதவன். தடவி முடித்துவிட்டுச் சொன்னான்: "நான் பேரச் சொன்னதுக்காக அடி வாங்கல புள்ள. தனியா நின்னு சொன்னேன், அதுக்கு வாங்குனேன். எனக்குப் பின்னால ஒரு ஆளு எந்திரிச்சிருந்தா அன்னிக்குக் கத வேற."

அன்றைக்கு அந்தக் களத்துமேட்டில் அம்சமும்தான் நின்றிருந்தாள். பதரைத் தூற்றிக்கொண்டே நின்றாள். அதை இரண்டு பேருமே இதுவரைக்கும் பேசியதில்லை. இன்றைக்கும் பேசவில்லை.

காய்ச்சல் கதையை விட்டுவிட்டாள். ஆனால் மனசுக்குள் வேறொரு ஏற்பாடு செய்துகொண்டாள். விழாவுக்குப் போய் மேடைக்குப் பக்கத்திலேயே உட்கார்வது. நிலைமை முற்றினால் ஒரே எட்டில் ஏறி, மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடுவது. அடித்தாலும் பரவாயில்லை, பெற்றவள்தானே.

விழா அன்று பள்ளிக்கூடத்து மைதானம் கொள்ளவில்லை. கருவேலன்குடி, கீழக்கோட்டகம் என்று சுற்றுப்பட்ட ஊரெல்லாம் வந்திருந்தது. மேற்கே பெஞ்சும் நாற்காலியும், அதில் மேலத்தெரு. தெற்கே தரையில் சாக்கு, அதில் தெற்குத் தெரு. யாரும் சொல்லாமலே அவரவர் இடத்தில் அவரவர் உட்கார்ந்தார்கள். புங்கமரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தது.

பண்ணை வந்து இறங்கினார். அவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பழைய ஆட்சியில் கதர் கட்டினார், ஆட்சி மாறியதும் கரைவேட்டி கட்டினார். கட்சி மாறியதில் அவருக்குக் கிடைத்த பெரிய லாபம் மைக். மைக் என்றால் உயிர். காதுகுத்தானாலும் கருமாதியானாலும் மைக் கண்ணில் பட்டுவிட்டால் மனுஷனைப் பிடிக்க முடியாது. 'அவர்களே, அவர்களே' என்று ஊரில் ஒருத்தர் விடாமல் விளித்து முடிப்பதற்குள் கூட்டம் பாதி கலைந்துவிடும். பிள்ளைகள் இதையும் கணக்குப் போட்டிருந்தார்கள். தலைவர் பேச்சை முதலில் வைத்தால் கண்ணாடிக்கு வெயில் மிஞ்சாது என்று கண்டு, அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள்.

மணி அடித்தது. செவ்வந்தி திரைக்கு முன்னால் வந்து மைக்கின் எதிரே நின்றாள். கூரையிலிருந்து வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது.

"அனைவருக்கும் வணக்கம். இலுப்பைக்கோட்டகம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் ஆண்டு விழாவுக்கு," என்று ஆரம்பித்தவள் மைக்குக்கு இன்னும் கிட்டே போனாள். "திரு. பஞ்சநதம் அவர்கள் தலைமை தாங்க வேண்டுமென்று முன்மொழிகிறேன்."

சொல்லிவிட்டாள். இரண்டு குழாயிலும் அந்தப் பேர் கிளம்பி வயல்வெளியெல்லாம் போனது. தெற்குத் தெருப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். மேலத்தெருப் பெஞ்சில் ஒருத்தர் தொண்டையைச் செருமினார். பண்ணை எதையும் காதில் வாங்காதவர்போலத் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

இனி துரைராசு எழுந்து வழிமொழிய வேண்டும். பையன் மேடை ஓரத்தில்தான் நின்றான். வாயைத் திறக்கவும் செய்தான். அந்த நேரம் பார்த்துப் பெஞ்சிலிருந்து அவன் அப்பா, கணக்கப்பிள்ளை, கண்ணை உருட்டி ஒரு பார்வை பார்த்தார். பையன் வாய் அப்படியே மூடிக்கொண்டது. கால் கட்டைவிரலால் தரையில் கோடு போட ஆரம்பித்தான்.

செவ்வந்தி காத்திருந்தாள். சாரங்கபாணி வாத்தியார் கையைப் பிசைந்துகொண்டு ஓடிவந்து, "நீ தள்ளும்மா, நான் சொல்லிடறேன், நான் சொல்லிடறேன்," என்று மைக்கைப் பிடித்தார். அவள் விடவில்லை. மைக்கிலேயே சொன்னாள்: "வழிமொழிபவர் வழிமொழியலாம்." குரல் கடைசியில் கொஞ்சம் உடைந்தது.

அம்சம் எழுந்துவிட்டாள். இழுத்துக்கொண்டு போகத்தான் எழுந்தாள், அது சத்தியம். சேலையை வரிந்து செருகிக்கொண்டு ஓர் அடிகூட எடுத்து வைத்தாள். அப்போதுதான் மகளை நேராகப் பார்த்தாள். அத்தனை பெரிய கூட்டத்துக்கு முன்னால் அந்தப் பெண் தனியாக நின்றாள். பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. தங்கையன் நின்றது இப்படித்தான். அன்றைக்கு அம்சத்துக்குக் கையில் முறம் இருந்தது, தூற்றிக்கொண்டே இருந்துவிட்டாள். இன்றைக்குக் கையில் ஒன்றுமில்லை.

கூரைமேல் இருந்த பையனுக்கு யார் எழுந்தாலும் வெளிச்சம் அடிக்க வேண்டும் என்பதுதான் உத்தரவு. கண்ணாடியைத் திருப்பினான். வெயில் பளீரென்று அம்சத்தின் முகத்தில் விழுந்தது. கண் கூசியது. எதிரே பண்ணையும் தெரியவில்லை, மேலத்தெருவும் தெரியவில்லை.

"பஞ்சநதம் அவுங்க தலைம தாங்கணும்னு," என்றாள் அம்சம். நாக்குத் தடுமாறவில்லை. "எம்மவ சொன்னத நான் வழிமொழியிறேன்."

மைக் இல்லாமலே அது கடைசிச் சாக்கு வரைக்கும் கேட்டது. வயலில் இக்கரையிலிருந்து அக்கரைக்குக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை.

பிறகு தெற்கே தடியை ஊன்றுகிற சத்தம் கேட்டது. தங்கையன் மடங்காத காலை நீட்டி வைத்து எழுந்து நின்றான். "நானும் வழிமொழியிறேன்." அவனுக்குப் பின்னால் கண்ணாத்தாள் எழுந்தாள். "நானுந்தேன்." பிறகு யார் முதலில் யார் அப்புறம் என்று சொல்ல முடியாது. தெருவே எழுந்து நின்றது. பஞ்சநதம் பஞ்சநதம் என்று இத்தனை வருஷமும் சொல்லாமல் விட்டதற்கெல்லாம் சேர்த்துச் சொன்னார்கள். மேடை ஓரத்திலிருந்து துரைராசுவின் குரலும் வந்தது. அப்பனைப் பார்க்காமல், கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னான். சொன்னானே, அது போதும்.

"ஏண்டி, நாளைக்கு வேலைக்கு வேணாம்னுட்டா?" என்று பின்னாலிருந்து ஒரு கிழவி முணுமுணுத்தாள்.

"தெருவையே வேணாம்பாகளா? அப்ப உளுந்த யாரு புடுங்குறது, அவுக கார் டிரைவரா?" என்றாள் கண்ணாத்தாள்.

பண்ணை இன்னும் எழுந்திருக்கவில்லை. துண்டைப் பிரித்து மறுபடி மடித்தார். கூப்பிட்ட வாய் எது என்று பார்த்தால் எழுந்திருக்க மனசு வரவில்லை. அதோ இரும்பு நாற்காலி, அதோ மைக் என்று பார்த்தால் உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. மனுஷன் பாடு அப்படி ஆகிவிட்டது.

செவ்வந்திக்கு இப்போது பயம் போயிருந்தது. குடிமையியல் பாடத்தில் மிச்சம் ஒரு விதி இருந்தது, அதையும் எடுத்து வைத்தாள். "முன்மொழியப்பட்டவருக்குத் தலைமை ஏற்க விருப்பமில்லை என்றால், சபையோர் வேறு பெயரை முன்மொழியலாம்."

"அப்ப நம்ம தலையாரியப் போடுங்க," என்றாள் கண்ணாத்தாள். "அவருதான் சும்மா இருக்காரு."

தெற்கே சிரிப்பு வெடித்தது. வெளியூர்க்காரர்கள் சிரித்தார்கள். மேலத்தெருப் பெஞ்சிலும் இரண்டு பேர் துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். கூட்டத்துக்குக் காவல் நின்ற தலையாரி பாவம், இருந்த இடத்திலிருந்து நழுவப் பார்த்தார். பண்ணை சடக்கென்று எழுந்தார். வேட்டியைத் தட்டிவிட்டு, விறுவிறுவென்று நடந்து, படியேறி, தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். வாத்தியார் சாரங்கபாணி கைதட்டினார். பயத்தில் தட்டினாரோ சந்தோஷத்தில் தட்டினாரோ, முதல் தட்டு அவருடையதுதான்.

பிறகு திரை பிரிந்தது. குடகு ஒரு பக்கமும் கடல் ஒரு பக்கமுமாகக் காவேரி இரண்டாகப் போனது. "மேட்டூரத் தொறந்துட்டாங்கடி," என்று கண்ணாத்தாள் சொல்ல, மறுபடியும் ஒரு சிரிப்பு.

பிள்ளைகள் பொளந்து கட்டினார்கள். வேறு வார்த்தை இல்லை. பெண்கள் பதினாறாம் வாய்பாட்டைக் கும்மியாக்கி, பெருக்குத்தொகைக்கு ஒரு தட்டும் திருப்பமுமாக அடித்தார்கள். கடைசி வரிக்குக் கூட்டமே விடையைச் சேர்ந்து சொன்னது. மூங்கிலும் காகிதமும் கொண்டு கட்டிய பொய்க்கால் குதிரையில் ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர் வந்து நிலவரி கேட்டான். குடியானவனாக நின்ற பையன் அவனை எந்த வருஷத்துச் சட்டம், யார் போட்டது, எதற்காகப் போட்டது என்று மடக்கி மடக்கிக் கேட்டதில் குதிரைக்கே வியர்த்துவிட்டது. ஒரு சின்னப் பையன் பச்சைத் துண்டைப் போர்த்திக்கொண்டு நாற்றாக நின்றான். கண்ணாடி வெளிச்சம் விழ விழ நிமிர்ந்து, இலையில் சமையல் எப்படி நடக்கிறது என்று தெம்மாங்கு மெட்டில் பாடினான். அவன் அம்மா, "என் ராசா, என்னமா வளருது பாரு," என்று அழுதே விட்டாள். துரைராசு மூக்கால் நாதஸ்வரம் வாசித்தான். அதில் என்ன பாடம் என்று யாரும் கேட்கவில்லை, அவனுக்கு வந்தது அது. நடுநடுவே செவ்வந்தி வந்து, அடுத்தது இன்னது என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒவ்வொரு தடவையும் குரல் கொஞ்சம் ஏறிக்கொண்டே போனது.

அம்சம் எல்லாவற்றையும் பார்த்தாள். ஆனால் பாதி கவனம் நாற்காலியின் மேலேயே இருந்தது. இனி இருப்பது தலைவர் பேச்சு. வாயில் என்ன வருமோ, எதைச் சொல்லிக் குத்துவாரோ. எழுந்தபோது இருந்த துணிச்சலில் இப்போது கால்வாசிதான் மிச்சம் இருந்தது.

வெயில் சாய்ந்த நேரத்தில் செவ்வந்தி அறிவித்தாள்: "இப்போது தலைவர் பேசுவார்."

பண்ணை மைக்கைக் கையில் பிடித்தார். பிடித்ததும் முகமே மாறிவிட்டது. தோள் நிமிர்ந்தது, குரல் அடிவயிற்றிலிருந்து வந்தது. இத்தனை வருஷம் எத்தனை மேடை, எத்தனை கூட்டம். அவர் யோசித்துப் பேசுகிறவர் அல்ல. மைக் கைக்கு வந்தால் வாய் தன் பாட்டுக்குப் போகும், அவர் பின்னால் போவார்.

"அனைவருக்கும் என் பணிவான வணக்கம். இவ்விழாவுக்குத் தலைமை ஏற்குமாறு என் பெயரை முன்மொழிந்த செல்வி செவ்வந்தி அவர்களே," என்று ஒரு இழுப்பு இழுத்தார். "அதனை வழிமொழிந்த..."

நின்றுவிட்டார். வாய் எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பின்னால் போகவும் வழியில்லை, இத்தனை பேர் காதிலும் விழுந்தாயிற்று. முன்னால் போகலாம் என்றால் பேர் தெரியவில்லை. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அவர் நிலத்தில்தான் நாற்று நட்டாள், அவர் களத்தில்தான் நெல் தூற்றினாள். 'ஏ தங்கையன் பொண்டாட்டி' என்று எத்தனை தடவை கூப்பிட்டிருப்பார். பேர் மட்டும் கேட்டதில்லை. வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தார். வாத்தியார் புங்கமரத்தில் என்னவோ பறவையைத் தேடிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கர் 'கொய்ங்' என்று இரைந்தது. கூட்டம் காத்திருந்தது.

அம்சம் எழுந்தாள். இந்தத் தடவை எதற்காக எழுகிறோம் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"அம்சம்," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். உட்காராமல் நின்றாள்.

பண்ணை அவளைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். இந்தத் தடவை முகத்தில் வெயில் இல்லை, எதிரே எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

"அதனை வழிமொழிந்த," என்று அவர் மறுபடி தொடங்கினார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. இருந்தாலும் சொன்னார். "திருமதி அம்சம் அவர்களே."

ஒரு குழாய் மேலத்தெருவைப் பார்த்துக் கட்டியிருந்தது, ஒன்று தெற்குத் தெருவைப் பார்த்து. இரண்டு பக்கமும் போய்ச் சேர்ந்தது. மேடையில் செவ்வந்தி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தங்கையன் தடியைத் தரையில் தட்டினான். தெரு முழுக்கக் கைதட்டியது. சாக்கில் உட்கார்ந்திருந்தவர்கள், சுற்றி நின்ற வெளியூர்க்காரர்கள், கூரைமேல் இருந்த பையன்கள் எல்லாரும் தட்டினார்கள். அது அடங்குகிற வரைக்கும் பண்ணை மேற்கொண்டு பேச முடியாமல் மைக்கைப் பிடித்தபடி நிற்க வேண்டியிருந்தது.

"ஏண்டி, உன்னத்தாண்டி கூப்புடுறாக," என்று கண்ணாத்தாள் அவள் இடுப்பில் இடித்தாள்.

"கேட்டுச்சு," என்றாள் அம்சம். முந்தானையைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு, மேடையைப் பார்த்து ஒரு தடவை தலையை ஆட்டினாள். பேர் சொல்லிக் கூப்பிட்டவருக்கு ஒரு பதில் மரியாதை வேண்டாமா?